எட்டாயிரம் வராகன் ஊர்

கடைக்காரர் காசைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த கறுப்புக் கல்லின் மேல் ஒவ்வொன்றாகப் போட்டார். முதல் மூன்றும் 'ணங்' என்று பாடின. நான்காவதும் ஐந்தாவதும் 'டக்' என்று விழுந்து அடங்கிவிட்டன. அந்த இரண்டையும் ஒற்றை விரலால் தள்ளி வைத்தார்.

"இது ரெண்டும் வேணாங்க பாட்டி. நாப்பதுக்கு அப்புறம் அடிச்சது. பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும்."

"இதுலயும் ராசா தலை இருக்குதே சாமி?"

"தலை இருக்குது பாட்டி, வெள்ளிதான் இல்ல."

தர்மபுரி கடைவீதியில், பேத்தியின் கொலுசுக்குத் திருகாணி மாற்ற வந்த இடத்தில், நான் பார்த்த காட்சி இது. பாட்டி பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மாமியார் காலத்துக் காசு, அடுக்குப் பானையில் இருந்ததாம். தேறிய மூன்றையும் கடைக்காரர் தராசில் போட்டார். 34 கிராமும் சில்லறையும். புதிதாக ஒரு காசு 11.66 கிராம் இருக்க வேண்டும்; கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. ஒன்றை எக்ஸ்ரே பெட்டிக்குள் வைத்து மூடினார். திரையில் 91.6 என்று வந்தது.

நான் கையில் வாங்கிப் பார்த்தது 1918ஆம் வருடத்துக் காசு. ஐந்தாம் ஜார்ஜ், கிரீடம், தாடி. மறுபக்கம் பூக்கொடி, அதன் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு புள்ளி. பம்பாய் நாணயசாலையின் அடையாளம் அது. கல்கத்தாவில் அடித்ததில் புள்ளி இருக்காது.

பம்பாயில் அடித்தது சரி. அந்த வெள்ளி எந்த மலையிலிருந்து வந்தது? மனதில் விழுந்த இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மாவட்டத்தைச் சுற்றினேன்.

தர்மபுரி மண்ணுக்குள் என்னென்னவோ இருக்கிறது. தீர்த்தமலைப் பக்கம் காந்தக்கல் இரும்பு. அரூர்ப் பக்கம் மாலிப்டினம் இருப்பதை நிலவியல் துறையினர் துளையிட்டுக் கண்டிருக்கிறார்கள். எங்கு தோண்டினாலும் கருங்கல். இல்லாதது வெள்ளி. தமிழ்நாட்டில் வேறெங்கும் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. இந்தியாவில் பழைய வெள்ளிச் சுரங்கம் என்றால் ராஜஸ்தான்தான். உதய்ப்பூருக்குப் பக்கத்தில் ஜாவர். இன்றும் நம் நாட்டில் எடுக்கப்படும் வெள்ளியில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலிருந்துதான் வருகிறது.

வெள்ளி பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈயக் கல்லை வறுத்து உருக்கினால் வெள்ளி கலந்த ஈயம் கிடைக்கும். அதை எலும்புச் சாம்பல் பூசிய குழியில் வைத்துக் காற்று ஊதினால் ஈயம் துருவாகிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். நடுவில் ஒரு துளி மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்தத் துளிக்காகத்தான் இத்தனை கதையும்.

தர்மபுரி என்றால் அதியமான், அதியமான் என்றால் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். அதியமான்கோட்டையில் இறங்கிச் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் சங்கப் புலவர்களில் சிலர். பெயரிலேயே 'வண்ணக்கன்' என்று தொழிலைச் சுமந்தவர்கள். காசின் மாற்றுப் பார்ப்பவன் வண்ணக்கன். வடம வண்ணக்கன், புதுக்கயத்து வண்ணக்கன் என்று ஊரோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில் நடந்திருக்கிறது. செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த காசுகள் கிடைத்தன. அவை ஈயக் காசுகள். வெள்ளி அன்றைக்கும் வெளியிலிருந்து வந்த விருந்தாளிதான்; ரோமாபுரிக் கப்பலில் வந்து கொங்கு நாட்டுப் புதையல்களில் உறங்கியது. கல்லில் தட்டிப் பார்க்கிற கடைக்காரருக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னோடி இருக்கிறார் என்பதோடு அதியமானை விட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் தென்கரைக்கோட்டைக்குப் போனேன். மொரப்பூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பேருந்தில் பாதிப் பேர் தக்காளிக் கூடையோடு ஏறினார்கள். எனக்கு இடம் கிடைத்தது ஒரு கூடையின் மேல் படாமல் காலை மடக்கி வைத்துக்கொள்கிற அளவுக்குத்தான். கோட்டை மதிலில் கல் சரிந்த இடங்களில் வேலிகாத்தான் முளைத்திருக்கிறது. உள்ளே கல்யாணராமர் கோயில். மதில் மேல் ஆடுகள், நிழலில் ஆடு மேய்ப்பவர். "எவ்வளவு பெரிய கோட்டைங்க இது?" என்று கேட்டேன். "சுத்தி வந்தா ஒரு பீடி தீரும்" என்றார். ஏக்கர் கணக்கை விட இந்த அளவு எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ஊருக்கு நான் வந்தது கோட்டைக்காக அல்ல, ஒரு எண்ணுக்காக. 1792இல் திப்பு சுல்தான் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். பாதியை உடனே கொடுக்க வேண்டும், வராகனாகவோ மொகராகவோ ரூபாயாகவோ, அல்லது தங்க வெள்ளிக் கட்டியாகவோ. மீதிக்குப் பிணையாக இரண்டு பிள்ளைகள். பாதி ராஜ்யமும் போயிற்று. போன சீமைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வருமானம், கண்டிராய வராகன் கணக்கில். பாராமகால் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது தாலுகாக்கள், மொத்தம் 1,34,000 வராகன். அதில் தென்கரைக்கோட்டை 12,000. பென்னாகரம் 10,000. தர்மபுரி 8,000.

எட்டாயிரம் வராகன்! இன்றைய மாவட்டத் தலைநகர், பக்கத்துப் பென்னாகரத்தை விட இரண்டாயிரம் குறைவு. ஊர்ப் பெருமை பேசும் தர்மபுரி நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். ஒரு வராகனுக்கு மூன்று ரூபாய் என்று அந்த உடன்படிக்கையிலேயே விகிதம் வைத்திருந்தார்கள். அப்படியானால் ஏரி, குளம், புளியமரம், கேழ்வரகுக் கொல்லை, குடியானவர் வியர்வை எல்லாம் சேர்த்துத் தர்மபுரியின் ஒரு வருட வரவு 24,000 ரூபாய்.

கண்டிராயன் யார் என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் இன்று யாருக்கும் தெரியாது. மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார். 1638 முதல் 1659 வரை ஆண்டவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நாணயசாலை வைத்துத் தங்கப் பணம் அடித்தார், முன்பக்கம் நரசிம்மர். 1650களில் தர்மபுரியும் பென்னாகரமும் அவர் கைக்குப் போயின. அவருடைய காசு துவரம்பருப்பில் பாதி. கையில் எண்ணினால் காற்றில் பறக்கும். இந்த மாதிரிப் பொடிப் பணத்தை எண்ணுவதற்கென்றே தென்னாட்டில் குழி போட்ட மரப் பலகை வைத்திருந்தார்கள். பணத்தைக் கொட்டிப் பலகையை ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். பத்துப் பணம் ஒரு கண்டிராய வராகன். ஆனால் அந்த வராகன் கணக்கில் மட்டும் வாழ்ந்த நாணயம். கையில் புழங்கியது பணம்தான். அரசர் செத்து 133 வருடம் கழித்து, அவர் வம்சத்தை ஓரம்கட்டிய ஹைதரின் மகனும், கடல் தாண்டி வந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரும் உட்கார்ந்து எழுதிய பத்திரத்தில் அவர் பெயரால்தான் கணக்கு ஓடுகிறது. காசு அரசனை விடக் கெட்டி ஆயுசு.

திப்பு சும்மா இருந்தவர் இல்லை. நாணயத்தில் அவருக்கு இருந்த பித்து வேறு எந்தத் தென்னிந்திய மன்னருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரட்டை ரூபாய்க்கு ஹைதரி, ரூபாய்க்கு இமாமி, அரைக்கு ஆபிதி, காலுக்கு பாக்கிரி என்று பெரியவர்களின் பெயர்களை வைத்தார். செம்புக் காசுகளுக்கு வானத்துக் கோள்களின், நட்சத்திரங்களின் பெயர். அவற்றின் மேல் யானை. புதிதாக ஓர் ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தி, அதன் எண்களை வலமிருந்து இடமாக அடிக்கச் சொன்னார். திண்டுக்கல்லிலும் சத்தியமங்கலத்திலும்கூட அவர் நாணயசாலை நடந்தது. அவ்வளவு பெயரில் ஒன்றுகூட நம் பேச்சில் ஒட்டவில்லை. ஒட்டியது 'பணம்' என்ற பழைய சொல்தான். அதை வெள்ளைக்காரன் 'ஃபனம்' என்று எழுதினான். நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போய், ஆங்கிலத்தில் சில்லறைக் காசைக் குறிக்கும் 'கேஷ்' ஆயிற்று.

உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனிக்கு வந்தது. நிர்வாகத்துக்கு அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் முன்ரோ 1799 வரை தர்மபுரியில் இருந்தார்; தோட்டம் போட்டார். பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர், அண்ணா சாலைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர், அவரேதான். இருவரும் வயல் வயலாக அளந்து, குடியானவனிடமே நேராக வரி வாங்கும் முறைக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார்கள். 1796 டிசம்பர் 10ஆம் தேதி ரீட் போட்ட அறிவிப்பு, பிடித்த நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விடவும் குடியானவனுக்கு வழி செய்தது. ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்த சமாசாரம்.

பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. கிஸ்தியைக் காசாகக் கட்ட வேண்டும். மழை பார்த்து விளைகிற ஊரில், கேழ்வரகை எங்கே போய் காசாக்குவது? அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை விழும். விற்றுக் கிடைத்ததிலும் ஒரே வகைக் காசா இருக்கும்? கண்டிராயப் பணம், சுல்தானி, பரங்கிப்பேட்டை வராகன், ஆற்காட்டு ரூபாய், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்த ரூபாய் என்று தமிழ்நாடெங்கும் பத்து வகை புழங்கிய காலம் அது. இடையில் உட்கார்ந்திருந்தவர் சராப்பு. அவர் கல்லில் உரசி, காதில் கேட்டு, "இதுக்கு இவ்வளவு வட்டம்" என்பார். வட்டம் என்றால் தள்ளுபடி. தேய்ந்ததற்கு ஒரு வட்டம், ஊர் மாறியதற்கு ஒரு வட்டம், வருடம் பழையதானதற்கு ஒரு வட்டம். வரி ஒன்றுதான், வட்டம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பாட்டியின் இரண்டு காசை ஒதுக்கிய விரல் எவ்வளவு பழைய விரல் என்று கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்து யோசித்தேன்.

முன்ரோவை நல்லவர் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வரிச்சுமை அதிகம் என்று தன் எஜமானர்களிடமே வாதாடியவர் அவர். ஆனால் நல்ல கணக்குப்பிள்ளை யாருடைய கல்லாவுக்குக் கணக்கு எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்தக் கல்லாவைப் புரிந்துகொள்ள உலகின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்துக்கு நான்காயிரம் மீட்டர் உயரத்தில் பொட்டோசி என்ற ஊர். அங்கே செர்ரோ ரிக்கோ என்ற மலையில் 1545இல் வெள்ளி கண்டார்கள். அடுத்த வருடமே மெக்சிகோவில் சக்கட்டேகாஸ். முதலில் மேலாக இருந்த வளமான கல்லை உருக்கி எடுத்தார்கள். அது தீர்ந்ததும் பாதரசத்தைப் பிடித்தார்கள். 1554இல் மெக்சிகோவில் பார்த்தலோமே தே மெதினா என்பவர் கொண்டுவந்த முறை இது: கல்லை மாவாக அரை, உப்பும் பாதரசமும் சேர், முற்றத்தில் பரப்பி மிதி. நம் ஊரில் செங்கல்லுக்கு மண் மிதிப்பது போலத்தான், ஆனால் காலடியில் இருப்பது விஷம். வாரக்கணக்கில் மிதிக்க மிதிக்கப் பாதரசம் வெள்ளியைக் கவ்வும். கழுவிச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும், வெள்ளி நிற்கும். ஆவியை மூச்சில் இழுத்தவன் நிற்க மாட்டான். பொட்டோசிக்கு 1570களில் வைஸ்ராய் தொலேதோ ஆள் பிடிக்க ஒரு சட்டம் போட்டார். சுற்றியுள்ள மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் முறை வைத்துச் சுரங்க வேலைக்கு வர வேண்டும். வருடத்துக்குச் சுமார் 13,500 பேர். அந்த உயரத்தில், குளிரில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தோல் பையில் கல் சுமந்து ஏணியில் ஏறினார்கள். 'மித்தா' என்ற அந்த முறை இருநூறு வருடத்துக்கு மேல் நீடித்தது.

அந்த வெள்ளி எட்டு ரியால் என்ற பெரிய காசாக அடிக்கப்பட்டு, 27 கிராம் எடையில், உலகம் சுற்றியது. அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்பெயின், லண்டன், ஆம்ஸ்டர்டாம். பசிபிக்கைத் தாண்டி மணிலா, சீனா. எல்லா வழியும் கடைசியில் ஆசியாவில் முடிந்தது. காரணம் எளிது: ஐரோப்பியனுக்கு நம் துணியும் மிளகும் வேண்டும், அவன் கொண்டுவந்த கம்பளி நமக்கு வேண்டாம். வெள்ளி கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர் இன்றும் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்கிறார்களே, அந்தத் துறைமுகங்களில் இந்த ஸ்பானியக் காசு புழங்கிய காலத்தின் மிச்சம் அது. அரபு நாட்டு 'ரியால்' என்ற பெயரும் அந்த ஸ்பானிய ரியால்தான். பாலக்கோட்டிலிருந்து சவூதி போய் மாதாமாதம் ரியால் அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர். எட்டு ரியாலின் பேரனைத்தான் அனுப்புகிறார்கள்.

இதைப் பேச எனக்கு ஒரு துணை கிடைத்தார், தர்மபுரியில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறார். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போடும் காக்கித் தாளில் ஒவ்வொரு காசையும் மடித்து வைத்திருக்கிறார். "சார், இதப் பாருங்க" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அகலமான வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் விஷ்ணு, சுற்றி ஓடும் எழுத்து தமிழும் தெலுங்கும். தமிழைப் படித்தேன்: அரைப் பூவராகன். 1807இல் சென்னை நாணயசாலையில் புது இயந்திரங்கள் வைத்த பிறகு கம்பெனி அடித்த காசு அது.

"லென்ஸை வச்சுக் கோபுரத்துக்குப் பக்கத்துல பாருங்க."

பார்த்தேன். நட்சத்திரங்களுக்கு அடியில், அழிந்தும் அழியாமலும், வேறு ஏதோ வளைவுகள். காசைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். தலைமுடிச் சுருள். அதன் ஓரத்தில் ரோமன் எழுத்து ஒன்றின் முதுகு.

"ஸ்பெயின் ராஜாவோட மண்டை சார். ஸ்பானிய டாலரை உருக்கக்கூட நேரமில்ல இவனுங்களுக்கு. ஓரத்தக் குறைச்சு, அது மேலயே கோபுரத்த அடிச்சுட்டானுங்க."

மெக்சிகோ மலையோ, பொட்டோசி மலையோ, ஏதோ ஒன்றின் வெள்ளி; அதன் மேல் ஸ்பெயின் அரசன்; அவன் மேல் நம் ஊர்க் கோபுரமும் பெருமாளும்; ஓரத்தில் தமிழ் எழுத்து. இருபது ரூபாய்க்கு விற்கிற பூதக்கண்ணாடியில் இதைப் பார்த்ததும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. வாத்தியார் அதைக் கவனித்துவிட்டு, "கீழ போட்றாதீங்க" என்று காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சென்னையில் காசு அடிக்கும் உரிமை, 1639இல் நாயக்கர் கொடுத்த பட்டயத்திலேயே கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் அந்த வேலையின் நினைவு. 1742இல் ஆற்காட்டு ரூபாய் அடிக்கவும் நவாபிடம் அனுமதி வாங்கினார்கள். பிற்பாடு அடித்தவற்றில் இரண்டாம் ஆலம்கீர் என்ற முகலாயரின் பெயரும், அவருடைய ஆறாம் ஆட்சியாண்டும் உண்டு. 1759இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். காசில் மட்டும் அவர் அடுத்த நூற்றாண்டு வரை ஆறாம் ஆண்டிலேயே ஆட்சி செய்தார். ஜனங்களுக்குப் பழகிய காசு, மாற்றினால் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது கல்லாவுக்கு வருகிறேன். ஆரம்ப நூற்றைம்பது வருடம் கம்பெனி வெள்ளியைக் கப்பலில் ஏற்றி வந்து நம்மிடம் துணி வாங்கியது. அதற்கு லண்டனில் திட்டும் வாங்கியது, நாட்டின் வெள்ளியெல்லாம் இந்தியாவுக்குப் போகிறதே என்று. 1757இல் பிளாசிக்குப் பின் வங்காளத்துக்கு வெள்ளி வருவது அநேகமாக நின்றது. வேண்டியிருக்கவில்லை. வரியை வசூலித்து, அந்த வரிப் பணத்திலேயே துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். 'முதலீடு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பாராமகால் கைக்கு வந்ததும் இங்கேயும் அதே கணக்கு. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரி ஒருவர் உட்கார்ந்து நெசவாளரிடம் துணி எடுத்தார். தர்மபுரிக் குடியானவன் கட்டிய கிஸ்தியும் சேலத்து நெசவாளிக்குக் கிடைத்த கூலியும் ஒரே கல்லாவின் இரண்டு வாய். பொட்டோசி மலையில் இறங்கிய ஏழில் ஒருவனின் வேலையை இங்கே கேழ்வரகுக் கொல்லை பார்க்க ஆரம்பித்தது. தர்மபுரியில் வெள்ளிச் சுரங்கம் இல்லை என்று மேலே எழுதினேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1818 ஜனவரியில் சென்னை மாகாணம் வராகனை ஒழித்தது. நூறு வராகனுக்கு 350 ரூபாய். 1835இல் கம்பெனி ஆண்ட பகுதி முழுக்க ஒரே ரூபாய்: 180 கிரெயின் எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 11.66 கிராம், ஒரு தோலா. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் சில பெரியவர்கள் 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்பது இந்தக் கணக்குதான். பன்னிரண்டில் பதினொன்றைச் சதவீதமாக்கினால், பெட்டித் திரையில் பார்த்த 91.6.

பிறகு அமெரிக்காவில் நெவாடா மலைகளில் வெள்ளி கொட்டியது, ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது, வெள்ளி விலை சரிந்தது. 1893இல் யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தருகிற வழக்கத்தை இந்திய நாணயசாலைகள் நிறுத்தின. 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில் அவர் மேலங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய், பன்றி மாதிரி தெரிகிறது என்று கலகம் கிளம்பியது. அடுத்த வருடமே யானையைத் திருத்தினார்கள். வாத்தியாரிடம் அந்தப் பன்றி ரூபாய் ஒன்று இருக்கிறது. எவ்வளவு பார்த்தும் எனக்கு அது யானையாகத்தான் தெரிந்தது.

பாட்டியின் 1918க்கு வருவோம். முதல் உலகப் போர். போருக்கு இந்தியா கொடுத்த சரக்குக்கெல்லாம் ரூபாயில் பணம் கொடுக்க வேண்டும். அரசு நோட்டு அடித்துச் சமாளித்தது; ஒரு ரூபாய் நோட்டு முதலில் வந்ததே 1917 நவம்பரில்தான். ஜனங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் வெள்ளி கேட்டார்கள். 1918 வசந்தத்தில் கையிருப்பு தரைதட்டும் நிலை. பிரிட்டன் அமெரிக்காவிடம் ஓடியது. அந்த ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றி, கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக் காசுகளை உருக்கியது. அதில் கிட்டத்தட்ட 26 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலைக்கு, இந்தியாவுக்கு என்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. கட்டி கட்டியாகக் கப்பலில் வந்தது; பம்பாயும் கல்கத்தாவும் இரவு பகலாக அடித்தன. அந்த ஒரே வருடத்தில் 40 கோடிக்கும் மேல் ரூபாய்.

பென்னாகரத்து அடுக்குப் பானையில் ஒளிந்திருந்த காசு இதற்கு முன் அமெரிக்க டாலராக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கழுகு இருந்த இடத்தில் பூக்கொடி.

நம் ஆட்களும் மலையைக் குடையப் போனார்கள், ஆனால் அடுத்த சீமைக்கு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட ஆரம்பித்த பின், வட ஆற்காடு, சேலம் சீமைகளிலிருந்து, அன்று சேலத்தோடு இருந்த தர்மபுரியும் சேர்த்து, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான குழி. 2001 பிப்ரவரி 28இல் மூடும்வரை அங்கே தமிழ்தான் பேச்சு. கணக்கு வாத்தியாரின் தாய்மாமா அங்கே கல் உடைத்து, நெஞ்சில் தூசு அடைத்து, ஊருக்குத் திரும்பி வந்து இருமிக்கொண்டே செத்தவர். அவர் வீட்டில் குந்துமணி தங்கம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு வாத்தியார் கொஞ்ச நேரம் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை சேலம் பேருந்து. பாட்டியிடம் காசு வாங்கிய வெள்ளிக் கடையின் பையன் முன் இருக்கையில், டிபன் பையைக் கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் சேலத்தில் உருக்குவதற்கு ஒரு வாரத்துப் பழைய வெள்ளி: அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், அரைஞாண், பாட்டியின் மூன்று காசு. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகள் முனகிக்கொண்டு இறங்கின. பையன் மட்டும் தூங்கவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் பட்டறை. உள்ளே கம்பி இழுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார். காசு மூன்றையும் தனியாக உருக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். காசு வெள்ளியின் டச், அதாவது மாற்று, தெரிந்தது, மற்றதோடு சேர்ந்தால் கணக்குக் கெடும். பட்டறைக்காரர் தராசில் வைத்தார்: 34.20. மூசையில் போட்டு, மேலே ஒரு சிட்டிகை வெங்காரம் தூவி, தீயைத் திருப்பினார். 1918 மேலே இருந்தது. முகம் எந்த நொடியில் போயிற்று என்று பார்க்க நினைத்துக் குனிந்தேன். வெங்காரம் நுரைத்து மூடிக்கொண்டது. நுரை விலகியபோது அசைகிற ஒரு வெளிச்சம்தான் இருந்தது.

அச்சில் ஊற்றி, தண்ணீரில் போட்டு, துடைத்து, மறுபடி தராசில் வைத்தார். 34.05.

"நூத்தி அம்பது மில்லி எங்கண்ணா போச்சு?" என்றான் பையன்.

"நூறு வருசத்து அழுக்குடா. எரிஞ்சு போச்சு."

"அழுக்கு இவ்ளோ இருக்காதுண்ணா. மூசையில ஒட்டியிருக்கும், தட்டிப் பாருங்க."

பட்டறைக்காரர் மூசையைக் கவிழ்த்துத் தரையில் தட்டினார்.